எடைக்குள் ஒரு கதவு

ஆகஸ்ட் 11, 2025, திங்கள்

இன்று தேங்காய் லோடு இல்லை. காலையிலிருந்து என் வீட்டுக்காரர் பிக்கப்பின் பின்பக்கத்தை டேப் வைத்து அளந்துகொண்டே இருக்கிறார். நீளம், அகலம், மறுபடியும் நீளம். காலையில் அளந்த வண்டி மத்தியானத்துக்குள் வளர்ந்துவிடுமா என்று கேட்டேன். சிரிக்கவில்லை.

பதினோரு மணிக்கு ஓசூரிலிருந்து மகள் ரூமானா பேசினாள். நஞ்சுக்கொடி கீழே இறங்கி இருக்கிறதாம். பிரசவம் வரை பயணமே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தலைப்பிரசவம். பிள்ளையை நாங்கள் போய் அழைத்து வந்து வைத்துப் பார்த்திருக்க வேண்டியது. அவளுக்கு மாமியாரும் இல்லை. மருமகன் ரிஃபாய் நல்ல பையன்தான், ஆனால் கம்பெனியில் ஷிப்ட். வெந்நீர் வைக்கத் தெரியும், அவ்வளவுதான்.

"நான் அங்கிட்டு வர முடியலன்னா நீங்கதானேம்மா இங்கிட்டு வரணும்" என்றாள். அக்டோபர் கடைசியில் தேதி.

வாரேன் என்று சொல்லிவிட்டேன். வாய் சொல்லிவிடும். போகவேண்டியது வயிறு அல்லவா.

ஆகஸ்ட் 13, புதன்

டேப் எதற்கு என்று இன்று சொன்னார். கத்தாரில் அவர் வண்டி ஓட்டிய வீட்டில், குளிர்காலத்தில் பாலைவனத்துக்குப் போகும்போது பிக்கப்பின் பின்னால் ஒரு குட்டி அறையை அப்படியே செருகி ஏற்றுவார்களாம். உள்ளே படுக்கை, அலமாரி, பாத்ரூம். திரும்பி வந்ததும் நான்கு மூலையிலும் கால்களை இறக்கி ஊன்றிவிட்டு, வண்டியை மட்டும் அடியிலிருந்து உருவிக்கொள்வார்கள். அறை தனியே நிற்கும்.

நமக்கு அதுதான் சரிப்படும். இந்த வண்டியில் தேங்காய் ஏற்றினால்தான் சோறு. நிரந்தரமாக ஒரு வீட்டைக் கட்டிவிட முடியாது.

"ஒன்னைய நான் ஓசூர் கொண்டு போறேன் ரமீஜா. ஒருத்தர்ட்டயும் போய் நிக்க வேணாம்" என்றார்.

அழுகை வந்தது. வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்ததால் வசதியாகப் போயிற்று.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கேட்கிறவர்களிடமெல்லாம் "கொடைக்கானல் டூர்" என்கிறார். என் மானத்தைக் காப்பாற்றுகிறாராம். எனக்கு நன்றியாகவும் இருக்கிறது, பற்றிக்கொண்டும் வருகிறது.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

தம்பி உமைர் வந்திருந்தான். ரூமானாவுக்குத் தாய்மாமன். அதனால் எங்கள் வீட்டு விஷயம் எல்லாம் அவனுக்கும் பாதி சொந்தம். மூவருமாகப் புதுக்கோட்டை ரோட்டில் லாரிக்குப் பாடி கட்டும் ஆரோக்கியதாஸ் பட்டறைக்குப் போனோம். அவருக்கு லேசு என்ற சொல்லே பிடிக்கவில்லை. இரும்பு ஆங்கிள், இரும்புத் தகடு, அதற்கு மேல் இன்னொரு ஆங்கிள். "யானை ஏறி மிதிச்சாலும் நசுங்காதுங்க" என்றார். யானையை நாங்கள் ஏற்றப்போவதில்லை என்று சொல்ல வாய் வரை வந்தது. உமைருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

இவர் மட்டும் கணக்குப் போட்டார். வண்டி தாங்குவது எழுநூற்றைம்பது கிலோ. அதற்குள் பெட்டி, படுக்கை, தண்ணீர், சாமான், நான் எல்லாம் அடங்க வேண்டும். இரும்புப் பெட்டி வெறுமனே நின்றாலே அறுநூறு. உயரமும் கனமுமாக மலைப்பாதை வளைவில் ஒரு காற்று அடித்தால் வண்டி சாய்ந்துவிடும் என்றார்.

"மச்சான் ரொம்பப் பயப்படுறாரு" என்றான் உமைர்.

பயப்படட்டும். பயப்படுகிற ஆள் ஓட்டும் வண்டியில்தான் நான் உட்காருவேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

அந்த ரயிலை இதுவரை எழுதியதில்லை. இன்று எழுதித் தொலைக்கிறேன்.

குடலில் ஒரு துண்டை வெட்டி எடுத்து அப்போது ஏழு மாதம் இருக்கும். மறுபரிசோதனைக்குச் சென்னை போய்க்கொண்டிருந்தோம். ஆபரேஷனுக்குப் பிறகு எனக்கு 'அப்புறம் போகலாம்' என்பது கிடையாது. வந்தால் வந்ததுதான். ரயில் பெட்டியின் கடைசியில் இரண்டு கக்கூஸ் கதவு, இரண்டும் சாத்தியிருந்தன. தட்டினேன். "ஆள் இருக்கு" என்றது ஒரு குரல். மறுபடி தட்டினேன். "ஆள் இருக்குன்னு சொல்றேன்ல!"

பிறகு தட்டத் தேவை இல்லாமல் போய்விட்டது.

கை கழுவும் இடத்தில் நின்ற பெண், துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டு நகர்ந்தாள். கல்லூரிப் பெண், நம் ரூமானா வயசுதான். அவர் தன் தோளில் கிடந்த துண்டை என் இடுப்பில் சுற்றி என்னைக் கூட்டிக்கொண்டு போனார். அன்றிலிருந்து நான் அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டைத் தாண்டியதில்லை. நாத்தனார் மகள் கல்யாணத்துக்குப் போகவில்லை. திமிர் பிடித்தவள் என்று பேர். இருக்கட்டும், அது கௌரவமான பேர்.

ஆகஸ்ட் 30, சனி

ஒருவழியாக இரும்பு தோற்றது. மேலே கூடாரம் மாதிரி விரியும் ஒரு மாதிரியையும் போனில் பார்த்தார்கள். ரொம்ப லேசு, ஆனால் சுவர் துணி. மழையில் ஆகாது என்று அதையும் விட்டார்கள். கோயம்புத்தூரில் ஒருவர் செய்கிறார்: அலுமினியச் சட்டம், நடுவில் தெர்மாகோல் மாதிரி அடைத்த பலகை. பாத்ரூம் கொடுப்பார், சமையல் மேடையும் கொடுப்பார். வரைபடம் அனுப்புகிறாராம்.

அல்ஹம்துலில்லாஹ். இன்று இரண்டு தடவைதான் போனேன்.

செப்டம்பர் 2, செவ்வாய்

சாயங்காலம் கோயம்புத்தூர்க்காரர் வீடியோவில் பேசினார். கூடத்தில் இவரும் உமைரும். நான் அடுப்படியில் டீ போட்டுக்கொண்டிருந்தேன். "சமையல் செட்டு, டாய்லெட் செட்டு ரெண்டும் வெச்சா தண்ணி டேங்கோட எடை தாண்டிருதுங்க. ஏதாச்சும் ஒண்ண விட்ருங்க" என்றார்.

டீ பொங்குவதற்குள் முடிவு செய்துவிட்டார்கள்.

"பாத்ரூமை எடுத்துருங்க சார்" என்றான் உமைர். "வழியில பெட்ரோல் பங்கா இல்ல? சோறு ஆக்குற எடத்துலயே கக்கூஸ் வைக்கிறதா மச்சான்? தொழுகுற எடமும் அதுதான். அருவருப்பா இல்ல?" பிறகு சொன்னான், புது வீடு மாதிரி அதிலும் பால் காய்ச்ச வேண்டுமாம். அடுப்பு, பாத்திரம் எல்லாம் மாமன் சீராக அவனே வாங்கி வைத்துவிட்டானாம். அடுப்பு இல்லாமல் என்ன வீடு!

இவர் என்ன சொல்லப்போகிறார் என்று டம்ளரைப் பிடித்தபடி நின்றேன். இவருக்குத் தெரியும். உலகத்திலேயே இவர் ஒருவருக்குத்தான் முழுக்கத் தெரியும்.

"சரி, பார்ப்போம்" என்றார்.

அவன் போனபிறகு கேட்டேன். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் ஓட்டை போட்டு, அடியில் வாளி வைத்து, சுற்றிலும் திரை கட்டிவிடலாமாம். "ஒந்தம்பிகிட்ட எப்படி ரமீஜா அதைச் சொல்றது?"

திரையாம். திரை! துண்டைச் சுற்றிக் கூட்டி வந்த மனுஷன் திரை என்கிறார். நாளைக்கு ஆர்டர் போகிறது. இந்தப் பெட்டி எதற்காக? ஓசூரில் யாருக்கு நான் சோறு ஆக்கப்போகிறேன், அங்கே வீட்டில் அடுப்பு இல்லையா? நான் வாயைத் திறக்காவிட்டால் பெட்டி வரும், நான் போகமாட்டேன். பிள்ளை தனியாகக் கிடப்பாள்.

செப்டம்பர் 3, புதன்

சொல்லிவிட்டேன்.

ஆர்டர் போடுவதற்காக உமைர் வந்து உட்கார்ந்ததும் கூடத்துக்குப் போனேன். முக்காட்டைச் சரிசெய்தேன். ஒத்திகை பார்த்து வைத்திருந்த பேச்சு ஒன்றும் வரவில்லை. "எனக்கு அடுப்பு வேணாம். கக்கூஸ் வேணும்" என்றேன். தெருவுக்கே கேட்டிருக்கும்.

"என்னக்கா பேச்சு இது, பொம்பளப்புள்ள பேசுற பேச்சா?" என்றான்.

"பொம்பளைக்கு வயிறு இல்லையாடா?" என்று ஆரம்பித்து, ரயில், கதவு, துண்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவன் தரையையே பார்த்தான். பாதியில் எழுந்தான். டீ அப்படியே இருந்தது. "டூருன்னுதானே சொன்னீங்க மச்சான்" என்று இவரிடம் மட்டும் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

தம்பிக்கு முன்னால் நான் நிமிர்ந்து நிற்க முடியாதபடி ஆயிற்றே என்று உடம்பெல்லாம் கூசியது. ஆனாலும் இவர் கையில் போனைக் கொடுத்தேன். "பேசுங்க" என்றேன். பேசினார். அடுப்பு போயிற்று, கதவு வந்தது. மரக்கதவு வேண்டாம், அதே லேசான பலகைதான். ஆனால் உள்தாழ்ப்பாள் மட்டும் இரும்பில் வேண்டும் என்று நானே கேட்டு வாங்கினேன்.

மூன்று வாரத்தில் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

செப்டம்பர் 5, வெள்ளி

மீலாது. வருஷா வருஷம் உமைர் வீட்டிலிருந்து நெய்ச்சோறு வரும். இந்த வருஷம் வரவில்லை.

செப்டம்பர் 25, வியாழன்

மூன்று வாரம் முடிந்தது. பெட்டி வரவில்லை. பலகை வந்து சேரவில்லை என்கிறார் கோயம்புத்தூர்க்காரர். ரூமானாவுக்குக் கால் வீங்கியிருக்கிறது. இவர் போன் பேசும்போது நான் பக்கத்திலேயே நிற்கிறேன். இனிமேல் எந்தப் பேச்சையும் அடுப்படியிலிருந்து கேட்பதாக இல்லை.

செப்டம்பர் 30, செவ்வாய்

வந்துவிட்டது! லாரியிலிருந்து இறக்கி, நான்கு காலில் நிறுத்தினார்கள். இவர் பிக்கப்பைப் பின்னுக்கு எடுத்து அடியில் நுழைத்தார். முதல் தடவை இடது கால் உரசி, பெட்டி ஆடியது, என் உயிரும் ஆடியது. இரண்டாம் தடவை பொருந்தி உட்கார்ந்தது. தண்ணீர் நிரப்பி, எல்லாம் ஏற்றி, தேங்காய் மண்டி எடைமேடையில் கொண்டுபோய் நிறுத்தினோம். அடங்கியது. இவர் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார்.

பாலை வீட்டு அடுப்பில் காய்ச்சி, ஃபிளாஸ்கில் ஊற்றிக்கொண்டு போய்ப் பெட்டிக்குள் உட்கார்ந்து இருவரும் குடித்தோம். உமைருக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை.

அக்டோபர் 4, சனி

விடியற்காலை சுபுஹு தொழுதுவிட்டு எழும்போது போன். ரிஃபாய். ரத்தம் போகிறதாம். ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டான்.

தேதி இன்னும் மூன்று வாரம் இருக்கிறதே. யா அல்லாஹ். வண்டியில் பெட்டி ஏறியே நிற்கிறது. கிளம்புகிறோம்.

அன்றே, ரோட்டோரம்

நார்த்தாமலைப் பக்கம் முதல் நிறுத்தம். வண்டி ஓடும்போது பெட்டிக்குள் இருக்கக்கூடாது. முன்சீட்டில் இருந்து சொல்ல வேண்டும், அவர் ஓரங்கட்ட வேண்டும், நான் இறங்கிப் பின்னால் போய் ஏற வேண்டும். சொன்னேன், நிறுத்தினார், போனேன். தாழ்ப்பாளைப் போட்டேன். லாரிகள் போகிற சத்தத்தில் பெட்டி அதிர்ந்தது. யாரும் தட்டவில்லை.

அக்கா மகளே என்று நினைத்துக்கூட ஒரு வார்த்தை கேட்கவில்லையே உமைர்— இல்லை, அவனுக்கு யார் சொன்னது? நான்தான் சொல்லவில்லை. மெசேஜ் போடுகிறேன்.

அக்டோபர் 6, திங்கள்

பெண் குழந்தை. சனிக்கிழமை மத்தியானம், நாங்கள் சேலம் தாண்டும்போதே ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டார்கள். ரூமானாவுக்கு இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். கண்ணைத் திறந்ததும் "வந்துட்டீங்களாம்மா" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். எனக்கு அது போதும்.

தொப்பூர் மலைப்பாதையில் மழையும் காற்றும். அவர் தாடை இறுகியிருந்தது, வண்டி ஊர்ந்தது. பெட்டி அசைந்ததே தவிர இழுக்கவில்லை. அந்த இரும்புப் பெட்டியை ஏற்றியிருந்தால் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

இன்னொன்று. நார்த்தாமலைக்குப் பிறகு ஓசூர் வரை ஒரே ஒரு தடவைதான் நிறுத்தச் சொன்னேன். அரை மணிக்கு ஒரு தடவை என்று நினைத்திருந்தேன். கதவு முதுகுக்குப் பின்னால் இருக்கிறது என்று தெரிந்ததும் வயிறு பேசாமல் வந்தது. இத்தனை நாள் படுத்தியது குடலா, பயமா?

அக்டோபர் 9, வியாழன்

இங்கே ஒற்றைப் படுக்கையறை வீடு, ஒரே பாத்ரூம். அவர் பெட்டியை வீட்டுக்கு முன்னால் காலில் ஊன்றி நிறுத்திவிட்டு, வெறும் வண்டியை எடுத்துக்கொண்டு அறந்தாங்கி போய்விட்டார். தேங்காய் காத்திருக்காது. "நாப்பது முடிஞ்சதும் வந்து ஏத்திக்கிறேன்" என்றார். போகும்போது பெட்டியின் சுவரைத் தட்டிக்கொடுத்தார், என்னை அல்ல.

அக்டோபர் 19, ஞாயிறு

உமைர் வந்திருக்கிறான். ராத்திரி பஸ் ஏறி, விடிந்ததும் இறங்கினான். கையில் குழந்தைக்குக் கொலுசு, தலையில் சுமக்காத குறையாக அந்தச் சீர்ப் பாத்திரம் அத்தனையும். அடுப்பு மட்டும் இல்லை. பிள்ளையைத் தூக்கி வைத்துக் கொஞ்சினான். என்னிடம் "நல்லாருக்கீங்களாக்கா" என்றான், கொலுசைப் பார்த்துக்கொண்டே. நானும் நல்லாருக்கேன் என்றேன், பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டே. டீயைக் கொடுத்துவிட்டு நான் பெட்டிக்கு வந்து பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாளைப் போட்டேன்.

கொஞ்ச நேரத்தில் படியில் தடதடவென்று சத்தம். கதவைத் தட்டுகிறான்.

"அக்கா... அக்கா, தொறங்க. அங்கிட்டு மாப்பிள்ளை குளிச்சிட்டு இருக்காரு. ராத்திரி கடையில சாப்பிட்டது என்னமோ... அக்கா, அவசரம்க்கா!"

"ஆள் இருக்கு" என்றேன்.

சொன்னபிறகுதான் காதில் விழுந்தது, ரயிலில் கேட்ட அதே வார்த்தை. வெளியே தட்டுவது நின்றது. அவனும் கேட்டான் போலிருக்கிறது. நான் சொல்லச் சொல்லத் தரையைப் பார்த்தவன்தானே.

அதற்கு மேல் ஒரு நொடிகூட வைத்திருக்கவில்லை. சட்டென்று எழுந்து தாழ்ப்பாளை எடுத்தேன். அவன் முகம் வெளுத்து வியர்த்திருந்தது. "போடா, போ" என்று ஒதுங்கி வழிவிட்டேன். உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டான்.

பக்கத்தில் யாரும் வந்துவிடாதபடி நான் படிக்குக் கீழே நின்றுகொண்டேன்.