நோணாங்குப்பத்தில் நீட்டிய கை

பிப்ரவரி 5, புதன்

இன்று சாயங்காலம் லாஸ்பேட்டை வீட்டில் இருந்தவர்கள்: தனக்கொடியாகிய நான். என் மூத்த மகன் அரிகிருஷ்ணன், ஆட்டோவை ஓரங்கட்டிவிட்டு வந்து உட்கார்ந்தவன். அவன் பெண்டாட்டி அமுதவல்லி. இளைய மகன் மதிவாணன். அரியின் மகள், என் பேத்தி கார்குழலி. அவளுக்குச் சைக்கிள் பயிற்சி கொடுக்கும் கமலக்கண்ணன். அவர் அரை டம்ளர் காப்பியை மிச்சம் வைத்துவிட்டுப் போனார். அமுதவல்லி நல்ல பாலில் போட்ட காப்பி. இதெல்லாம் எனக்கு மறக்காது.

நாளை முதல் ஞாயிறு வரை பெண்களுக்கான சைக்கிள் பந்தயம். தினமும் ஒரு வழி. நான்கு நாள் நேரத்தையும் கூட்டிப் பார்த்து, யாருக்குக் குறைவோ அவள்தான் முதல். ஒரு நாள் ஜெயித்து மறுநாள் படுத்துக்கொண்டால் ஆகாது. முதல் மூன்று பேருக்குத் தேசிய முகாமில் இடம் உண்டாம்.

அரி கறாராகச் சொல்லிவிட்டான். "மூணுக்குள்ள வந்தா போவட்டும் சார். வரலன்னா சைக்கிள வித்துட வேண்டியதுதான். இருபத்திரெண்டு வயசாவுது, பொண்ணு கேட்டு வராங்க."

"ஒரு நாள் வந்து பாருங்கண்ணே, அவ எப்படி ஓட்டுறான்னு" என்றார் கமலக்கண்ணன்.

"எனக்கு சவாரி இருக்கு."

குழலி தலையைக் குனிந்துகொண்டு சாக்ஸை மடித்தாள். அவள் பள்ளிக்கூடத்தில் ஓட்டிய பந்தயத்தில் இருந்து இன்றுவரை ஒன்றைக்கூட அவன் பார்த்தது கிடையாது.

மதிவாணன்தான் அவளைச் சிரிக்க வைத்தான். "சித்தப்பா இருக்கேன் குழலி. தொண்டர் வேலைக்குப் பேர் குடுத்துட்டேன், பாரு, பச்ச சட்ட, விசிலு! காலைல கூட்டம் போட்டு, இதச் செய்யாத அதச் செய்யாதன்னு காது வலிக்கிற வரைக்கும் சொன்னாங்க." அவன் வந்தால் வீட்டுக்கு ஒரு வெளிச்சம். சின்னவன் மேல் எனக்குப் பிரியம் கொஞ்சம் கூடுதல்தான்.

பிப்ரவரி 6, வியாழன்

கடற்கரைச் சாலையில் ஒவ்வொருத்தியாக விட்டார்கள். மைக் பிடித்தவன் மற்றப் பெண்களுக்கெல்லாம் பேர், ஊர், வாங்கிய பரிசு எல்லாம் சொன்னான். குழலிக்கு மட்டும் "அடுத்து, உள்ளூர் வீராங்கனை" என்றதோடு சரி. அவன் முகத்தைப் பார்த்து வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 7, வெள்ளி

திண்டிவனம் வரை போய்த் திரும்பும் வழி. கமலக்கண்ணனின் வேனில் நானும் அமுதவல்லியும் பின்னால் போனோம்.

குழலியின் அணியில் ஸமீஹா என்று ஒரு பெண். டவுனில் துணிக்கடை வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளை. அவள் குழலிக்கு முன்னால் போய்க்கொண்டே இருந்தாள். குழலியை முந்த விடாமல் மறிக்கிறாள் என்று எனக்குக் கோபம். வேனுக்குள் கத்திவிட்டேன். "ஏன் சார், அந்தப் பொண்ணு வழிய விடாதா?"

கமலக்கண்ணன் சிரித்தார். "அது காத்த வாங்குது ஆயா. முன்னால போறவ மேலதான் காத்து அடிக்கும். பின்னால இருக்கிற குழலிக்குக் கால்ல தெம்பு மிஞ்சும். கடைசில இவ பாய்வா, அவ பின்னால போயிடுவா."

அப்படித்தான் ஆயிற்று. குழலி பாய்ந்தாள். ஸமீஹா எங்கோ கடைசிக் கூட்டத்தில் வந்தாள். முகமெல்லாம் உப்பு பூத்திருந்தது. அவள் பேரை யாரும் மைக்கில் சொல்லவில்லை.

இன்னொருத்திக்காகக் காற்றை வாங்கிவிட்டு, பின்னால் போய் நிற்பது. அதற்கு எவ்வளவு மனசு வேண்டும்? எனக்கு வராது. என்னால் முடியாததைச் செய்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பொறாமைதான் வரும். இன்று வரவில்லை.

பிப்ரவரி 8, சனி

செஞ்சிப் பக்கத்து ஏற்றம். குழலி மூன்றாவது! மூன்று நாளும் சேர்த்துத்தான். நாலாவதாக இருப்பவள் பத்துப் பன்னிரண்டு விநாடிதான் பின்னால்.

ராத்திரி அரி சோற்றைப் பிசைந்துகொண்டே, யாரையும் பார்க்காமல் கேட்டான். "நாளைக்கு எந்த வழியா வராங்களாம்?"

மதிவாணன் துள்ளிவிட்டான். "கடலூர் ரோடு. எனக்கு நோணாங்குப்பம் பாலத்துக்கிட்டதான் டூட்டி. வாண்ணா, எம் பக்கத்துல நில்லு."

தட்டைக் கழுவப் போன குழலி குழாயடியில் ரொம்ப நேரம் நின்றாள்.

பிப்ரவரி 9, ஞாயிறு

எழுதக் கை வரவில்லை. எழுதாவிட்டால் தூக்கம் வராது.

காலையில் அரி தானே அடுப்படிக்குப் போய் எலுமிச்சம்பழம் பிழிந்து, உப்பு போட்டு, ஒரு பாட்டிலில் ஊற்றிக்கொண்டு போனான். இந்த வீட்டு அடுப்படியில் அவனுக்கு உப்பு எங்கே இருக்கும் என்றுகூடத் தெரியாது. அமுதவல்லி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன்.

நானும் அவளும் பந்தயம் முடியும் கடற்கரைச் சாலையில் நின்றோம். எல்லாப் பெண்களும் ஒரே கும்பலாக வந்து சேர்ந்தார்கள். கும்பலாக வந்தால் நேற்றைய கணக்கு அப்படியே நிற்குமாம். அப்படியென்றால் இவள் மூன்றாவது. ஸமீஹா வந்து குழலியைக் கட்டிக்கொண்டாள். அரியும் வந்து சேர்ந்தான். அவன் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை அவன் கல்யாணத்தில்கூட நான் பார்க்கவில்லை.

மேடைக்குக் கூப்பிடுவதற்குள், நாலாவது வந்த பெண்ணின் அணிக்காரர் போனைத் தூக்கிக்கொண்டு நடுவரிடம் போனார்.

போனில் ஒரு வீடியோ. மதிவாணன் எடுத்தது. அவன்தான் எல்லாருக்கும் தெரியும்படி அதைப் போட்டிருந்தான்: "முதன்முறையாக மகளின் பந்தயம் பார்க்க வந்த என் அண்ணன்" என்று. பாலத்தோரம் அரி நிற்கிறான். பாட்டிலை நீட்டுகிறான். குழலி ஓட்டிக்கொண்டே அதை வாங்குகிறாள்.

கடைசி இருபது கிலோமீட்டரில் தண்ணீர், தீனி எதுவும் யாரும் கொடுக்கக் கூடாதாம்; பாலம் அதற்குள்தான் இருக்கிறது. கொடுத்தால், வாங்கியவள் நேரத்தில் இருபது விநாடி ஏற்றிவிடுவார்கள். பாலத்துப் பக்கம் எந்த நடுவரும் இல்லை. அந்த வீடியோ இல்லையென்றால் யாருக்கும் தெரிந்திருக்காது.

நடுவர் குழலியைக் கேட்டார். அவள் இல்லை என்று சொல்லவில்லை. "வாங்கினேன் சார். எங்கப்பா."

பிறகு பச்சைச் சட்டைக்காரனைக் கேட்டார். "நீங்க தொண்டர்தானே? கூட்டத்துல விதியெல்லாம் சொன்னோமே?"

மதிவாணன் சொன்னான். "நான் வேணாம்னுதான் சார் சொன்னேன். அண்ணன் கேக்கல."

அந்த வீடியோவை எனக்குப் பக்கத்தில் வைத்துத்தான் ஓட்டினார்கள். என் காது நன்றாகக் கேட்கும். அதில் அவன் குரல்: "நீட்டுண்ணா, நீட்டு! இன்னுங் கிட்டப் போ, மூஞ்சி தெரியணும்!"

அரி தம்பியைப் பார்த்தான். பிறகு நடுவரிடம் கையைக் கூப்பினான். "என் தப்புதாங்க. புள்ளய ஒண்ணும் பண்ணாதீங்க."

இருபது விநாடி ஏற்றினார்கள். நாலாவது.

பிப்ரவரி 10, திங்கள்

அரி சவாரிக்குப் போகவில்லை. கமலக்கண்ணன் போனில் குழலியை ஏசினார், எனக்கே கேட்டது. "விதி தெரியாதவளா நீ? ஸமீஹா மூணு நாள் காத்து வாங்கினது எதுக்கு?" அந்த வார்த்தையையும் வைத்திருக்கிறேன், அந்தக் காப்பியோடு சேர்த்து.

மத்தியானம் அவளுக்குத் தலை வாரிவிட்டபோது கேட்டேன்.

"வாங்கக் கூடாதுன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும் ஆயா."

"தெரிஞ்சுமாடி வாங்குன?"

"பாலத்துமேல திரும்புனேன். அப்பா நிக்கிறாரு. சட்டையெல்லாம் தேச்சுப் போட்டுக்கினு. கைய நீட்டிக்கினு. நான் பாட்டுக்குப் போயிட்டா அந்தக் கை அப்படியே நிக்கும்ல ஆயா?"

எனக்குச் சீப்பு ஓடவில்லை.

"ஸமீஹாகிட்டச் சொன்னேன். அழுதா. அப்புறம், எங்க வாப்பா நின்னிருந்தா நானும் வாங்கியிருப்பேன்னு சொல்லிட்டா."

கதவோரம் அரி நின்றிருக்கிறான். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. அப்படியே திரும்பிப் போய் ஆட்டோவில் உட்கார்ந்துகொண்டான். வண்டியை எடுக்கவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தான்.

அவள் மூன்றுக்குள் வரவில்லை. அவன் சொன்ன சொல் இருக்கிறது. சைக்கிளை விற்பானா? கேட்க எனக்குத் தைரியம் இல்லை. இத்தனை பேரைக் கேள்வி கேட்டவள் நான்.

பிப்ரவரி 13, வியாழன்

சைக்கிள் வாங்க ஒரு ஆள் வந்தான். அரிதான் முன்பே சொல்லி வைத்திருந்தானாம். "இல்லப்பா, அது விக்கிறதுக்கு இல்ல" என்று வாசலிலேயே அனுப்பிவிட்டான்.

மார்ச் 16, ஞாயிறு

இப்போதெல்லாம் விடியும் முன்பே அரி எழுந்துவிடுகிறான். குழலி கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓட்டுகிறாள், இவன் ஆட்டோவில் பின்னாலேயே போகிறான், லாரிக்காரர்கள் உரசாமல் இருக்க. ஸமீஹாவும் கூட வருகிறாள். மே மாதத்தில் முகாமுக்கு இன்னொரு தேர்வு இருக்கிறதாம். பெண் கேட்டு வந்தவர்களிடம், அதற்கப்புறம் பார்க்கலாம் என்று அமுதவல்லியே சொல்லிவிட்டாள்.

கமலக்கண்ணன் இன்று வந்தார். காப்பியைச் சொட்டு விடாமல் குடித்தார். போனில் ஏசியதற்குக் குழலியிடம் வருத்தம் சொன்னார். சரி, அவரை விட்டுவிட்டேன். மைக் பிடித்தவனையும் விட்டாயிற்று. பந்தயம் பார்க்க வராத அத்தனை வருஷத்துக்கும் சேர்த்து அரியை எப்போதோ விட்டுவிட்டேன், அவன் கையைக் கூப்பிய அந்த நிமிஷமே.

மத்தியானம் சின்னவன் வந்தான். கையில் ஜிலேபிப் பொட்டலம். அரியோடு பேசினான், சிரித்தான். அரியும் சிரித்தான். குழலி "வாங்க சித்தப்பா" என்றாள். அவர்கள் மனசு அப்படி.

கடைசியில் என்னிடம் வந்தான். "ஏம்மா, அண்ணனே மறந்துட்டாரு. நீ மட்டும் ஏம்மா மூஞ்சியத் திருப்பிக்கினு இருக்க? ஒரு வீடியோதான போட்டேன், ஆசையா?"

வீடியோ போட்டதற்கு எனக்குக் கோபம் இல்லை. அது ஆசைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அத்தனை பேர் முன்னால் அண்ணனைக் காட்டிக் கொடுத்துவிட்டு, அவன் கைகூப்பி நிற்கும்போது பக்கத்திலேயே விசிலைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நின்றானே. அதைச் சொல்லவில்லை. சொன்னால் அழுவான். அழுதால் என் மனசு இளகிவிடும். இளகக் கூடாது.

இலை போட்டேன். சோறு போட்டேன். குழம்பு இன்னும் வேண்டுமா என்று கேட்டு ஊற்றினேன். பெற்றவள் அதைச் செய்துதான் ஆக வேண்டும். மன்னிப்பது என் இஷ்டம். நான் இன்னும் விடாத பேர் ஒன்றுதான்:

மதிவாணன்.