சீமாட்டி குட்டியைச் சேர்த்த கதை

செந்தூர் முருகன் துணை

தாயீ சரண்யாதேவிக்கு அப்பா காசிலிங்கம் எழுதிக்கொள்வது. இங்கன நானும் உன் அம்மா ஆறுமுகத்தாயும் ஆட்டுக் கொட்டடியில் நிற்கிற சீவன்களும் முருகன் புண்ணியத்தில் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். அங்கன வடக்கே காந்திதாமில் நீயும் மாப்பிள்ளை மகாராஜாவும் என் பேரனும் அதேபோல இருப்பீர்கள் என்று எழுதத்தான் கை வருகிறது, ஆனால் நீ நல்லா இல்லை என்று எனக்குத் தெரியும் தாயீ, அதனால்தான் இந்தக் கடிதம். போனில் பேசினால் நான் தொண்டையைச் செருமி முடிக்கும் முன்னே நீ சரிப்பா சரிப்பா என்று வைத்துவிடுகிறாய், வைக்காவிட்டால் உன் அம்மா போனைப் பிடுங்கிக்கொள்கிறாள். கடிதம் என்றால் யாரும் குறுக்கே பேச முடியாது பார். அறிவொளிக் கூட்டத்தில் படித்த எழுத்து, ஆட்டுப்புழுக்கை சிதறினது மாதிரி இருக்கும், பைய கூட்டிக்கூட்டி வாசி.

போன வாரம் நீ அம்மாவிடம் அழுதுகொண்டே சொன்னது என் காதிலும் விழுந்தது. அவள் ஸ்பீக்கரில் போட்டுத்தானே பேசுவாள், ஊருக்கே கேட்கும், நான் முற்றத்தில் அகத்திக் குழை கட்டிக்கொண்டிருந்தேன். பிள்ள அழுதா அடுத்த வீட்டுப் பிள்ள அழுத மாதிரி இருக்கும்மா, பால் கொடுக்கேன், குளிப்பாட்டுதேன், ஆனா எனக்கு ஒண்ணுமே தோண மாட்டேங்கு, நான் என்ன சென்மமோ என்று சொன்னாயே. அப்பா கேட்டுவிட்டாரே என்று வெட்கப்படாதே. நான் எத்தனை பிரசவம் பார்த்தவன், ஆட்டுக்குத்தான் என்றாலும் பிரசவம் பிரசவம்தானே. அன்றைக்கு உன் அம்மா போனை வைத்துவிட்டு அடுப்படியில் போய் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. தலைப்பிரசவத்துக்கு உன்னைக் கூட்டி வர முடியவில்லை, எட்டு மாதத்திலேயே வலி வந்துவிட்டது, ஓடி வரலாம் என்றால் அந்த நேரம் பார்த்து அவளுக்கு அம்மை போட்டு வாசலில் வேப்பங்குழை கட்டியாயிற்று, அம்மை இறங்கி மூன்று தண்ணி ஊற்றாமல் பச்சைப்பிள்ளை இருக்கிற வீட்டுக்கு எப்படி வர, மாப்பிள்ளைக்கும் தாயார் இல்லை. ஒத்தையில் கிடந்து அல்லாடியிருக்கிறாய். இதை எல்லாம் நினைத்து நினைத்து அவள் அழ, நான் கொட்டடிப் பக்கம் போய் நின்றேன். அங்கே சீமாட்டி நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தாள். அவள் கதை ஒன்று உனக்குச் சொல்லாமல் வைத்திருக்கிறோம். பிள்ளைத்தாச்சிட்ட இதெல்லாம் சொல்லாதிய என்று உன் அம்மா என் வாயைக் கட்டிவிட்டாள். இப்போது சொல்கிறேன்.

சீமாட்டியை எட்டயபுரம் சந்தையில் வாங்கினது உனக்கு மறந்திருக்காது, நீதானே கூட வந்தாய். எல்லாரும் டார்ச் அடித்து முகத்து வரியைப் பார்ப்பான்கள், கொம்படியிலிருந்து மூக்கு வரைக்கும் ரெண்டு பக்கமும் வெள்ளை வரி கோணாமல் இறங்கியிருக்கிறதா, காதில் வரி இருக்கிறதா, காலில் இருக்கிறதா என்று. நான் குட்டியைப் பார்க்கிறதுக்கு முன்னே தாயைப் பார்ப்பேன், மடி எப்படி, கூடப் பிறந்தது எத்தனை, தாய் குட்டியை விட்டு எவ்வளவு தூரம் போகிறாள் என்று. நீ எதையும் பார்க்கவில்லை, யப்பா இது மூஞ்சியப் பாருங்க, பவுடர் போட்டு ஸ்கூலுக்குப் போற மாதிரி நிக்கி என்று குட்டியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாய், அப்புறம் நான் துண்டுக்குள் கையை விட்டு விரல் பிடித்து என்ன பேரம் பேச, மகள் மடியில் ஏறின குட்டிக்கு வியாபாரி விலையை இறக்குவானா, சிரித்துக்கொண்டே நின்றான். நம்ம பக்கம் கல்யாணப் பெண்ணுக்கு இந்த வரி போட்ட கன்னி ஆடு கொடுத்து விடுகிறது வழக்கம்தானே, அதற்குத்தான் வாங்கினது. மாடி வீட்டுக்கு ஆட்டை எப்படிக் கொண்டுபோக என்று எல்லாரும் கேட்க, மாப்பிள்ளை மட்டும், மாமா நான் லிப்டுல ஏத்திருவேன், அசோசியேசன்காரன்தான் வடநாட்டு பாசையில ஏசுவான் என்று சொன்னார், நீ சிரிக்கிறாயா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே சொன்னார், அன்றைக்குத்தான் எனக்கு அவரைப் பிடித்துப் போனது. சரி, அதை விடு. ஆடு இங்கே நிற்கிறது, ஆனால் அது உன் ஆடு, நான் மேய்க்கிறவன்தான்.

நீ போன பிறகு அந்த முத்தையாபுரம் இனிகோ வந்தான், துறைமுகத்துக்கு லாரி ஓட்டுகிறானே, வீட்டில் ஆள் உயரத்துக்கு கொடி ஆடு வளர்க்கிறானே, அவன்தான். சீமாட்டியைப் பார்த்தவன் பார்த்தபடி நின்றுவிட்டான். அண்ணாச்சி, இத மந்தையோட விட்டு முள்ளுல கீற விட்டியள்னா ஒங்களுக்குப் பாவம் புடிக்கும், கண்காட்சிக்கு நிறுத்துங்க என்றான். சரி என்று அவளுக்குத் தனிக் கொட்டடி, தரையில் பலகை, காலையில் சோளம், கடலைப் புண்ணாக்கு, சாயந்திரம் உடைமர நெற்று, வாரம் ஒருதரம் குளிப்பாட்டி முடிக்குத் தேங்காய் எண்ணெய். நாலு காலையும் அளவாக ஊன்றி தலையைத் தூக்கி நிற்கப் பழக்கினான் இனிகோ. நீ பள்ளிக்கூடத்தில் அசெம்பிளிக்கு நின்ற மாதிரி நிற்பாள். கிடாவும் விளாத்திகுளம் பக்கத்தில் நல்ல வழியில் வந்த வேற்றுக் கிடாவாகப் பார்த்துச் சேர்த்தோம். எல்லாம் சரியாகத்தான் செய்தோம். ஆனால் ஒன்று பார் தாயீ, மந்தையில் நிற்கிற ஆடு மற்ற ஆடு குட்டி போடுகிறதைப் பார்க்கும், நக்குகிறதைப் பார்க்கும், ராத்திரியில் குட்டிகளோடு ஒட்டிக் கிடக்கும். இவள் அழகாக நின்றாளே தவிர, எதையும் பார்க்கவில்லை. ஒத்தையாக வளர்ந்தாள்.

மாசியில் கண்காட்சி. அந்தப் போட்டோதான் உனக்கு அனுப்பினது, மாலையும் எவர்சில்வர் குடமும். கால்நடை டாக்டர் டேப்பு வைத்து அளந்து, பல்லைப் பார்த்து, வரியைப் பார்த்து, சுற்றிச் சுற்றி வந்தார், இவள் அவரை ஒரு ஆளாகவே மதிக்கவில்லை. பக்கத்தில் நின்ற ஒருத்தர், என்ன அண்ணாச்சி ஆட்டுக்கு பேசியல் பண்ணிக் கூட்டியாந்தியளோ என்று வயிற்றெரிச்சலில் கேட்டார். முதல் பரிசு நமக்குத்தான். ஆனால் லாரியில் போன குலுக்கலோ, மைக் சத்தமோ தெரியவில்லை, நாள் இருக்கும்போதே மறுநாள் குட்டி போட்டுவிட்டாள். கிடாக்குட்டி, வரி அச்சில் வார்த்த மாதிரி. பரிசு வாங்கின ஆடு குட்டி போட்டிருக்கு என்றதும் பார்க்க ஆட்கள் வந்துவிட்டார்கள். இனிகோ குரூப்பில் போட்டோ போடணும் என்று ஒரு அவசரம், குட்டி ஈரமும் சளியுமாகக் கிடக்கிறது, ரெண்டே நிமிசம் அண்ணாச்சி என்று தூக்கிக்கொண்டு போய் வெந்நீரில் ஷாம்பு போட்டுக் கழுவி, டவலால் துடைத்து, பவுடரும் போட்டுவிட்டான். உன் அம்மா அடுப்படியிலிருந்து, தாய் நக்கட்டும்யா, தாய் நக்கட்டும்யா என்று கத்துகிறாள், எங்கள் காதில் எங்கே ஏறும். போட்டோ எடுத்து முடித்துக் குட்டியைக் கொண்டுபோய் விட்டான். சீமாட்டி மோந்து பார்த்தாள். இன்னொருதரம் மோந்து பார்த்தாள். தலையைக் குனிந்து ஒரே முட்டு, குட்டி பலகையில் போய் விழுந்தது.

அப்புறம் அது மடிக்கு வந்தால் உதைப்பாள். கழுத்தைக் கட்டி, பின்னங்காலைப் பிடித்துக் குட்டியை ஊட்ட விட்டேன், பால் இறங்கியது, ஆனால் அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கும் நன்றாக இல்லை தாயீ, அதுதான் எனக்குப் புரிந்தது, தீனி எடுக்கவில்லை, கண் கலங்கி, வெறுமனே நின்றாள். இனிகோ வந்து, அண்ணாச்சி இது அழகுக்குத்தான் ஆகும், தாய்க்கு ஆகாது, யாருக்காவது தள்ளிவிட்டுருங்க என்றான். உன் அம்மாவுக்கு வந்ததே கோபம். ஏலே இனிகோ, குட்டியக் கழுவுனது நீ, பழி மட்டும் ஆட்டுக்கா, வாடையப் பூரா தொடச்சிட்டுக் கொண்டாந்து போட்டா அது யாரு பிள்ளைன்னு அவளுக்கு எங்ஙன தெரியும், அவ மேல என்ன தப்பு என்று கேட்டாள்.

அதற்கப்புறம் கொட்டடி உன் அம்மா கைக்குப் போனது. முதலில் சீமாட்டியைக் கட்டின கயிற்றை இளக்கிவிட்டாள். மந்தையிலிருந்து வயசான ஆடு ஒன்றைக் கொண்டு வந்து பக்கத்தில் கட்டினாள், அவளுக்கு ஒரு துணை வேணும்லா என்றாள். சீமாட்டியின் பாலையே பீய்ச்சிக் குட்டியின் முதுகிலும் வாலடியிலும் தடவி, அதற்கு மேலே உப்பைப் பொடித்துத் தூவினாள், உப்பளம் இருக்கிற நம்ம ஊரில் உப்புக்குத்தான் பஞ்சமா. ஊட்டுகிற நேரம் தவிர மற்ற நேரம் குட்டியை அவள் கண்ணில் படுகிற இடத்தில் விட்டாள், வற்புறுத்தவில்லை. யாரும் அவள ஏசப்படாது, யாரும் நின்னு வேடிக்கை பாக்கப்படாது என்று எனக்கும் சேர்த்துத்தான் உத்தரவு. சீமாட்டி முதலில் உப்பைத்தான் நக்கினாள், நக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டாள். மறுநாளும் உப்புக்குத்தான் வந்தாள். ஒருநாள் நக்குவாள், மறுநாள் முட்டுவாள். எனக்கு நம்பிக்கை போய்விட்டது, உன் அம்மாவுக்குப் போகவில்லை. பிறகு ஒரு மத்தியானம் நான் ஆட்டுக்குக் கழனித்தண்ணி கலக்கிக்கொண்டிருக்கிறேன், வாசலில் இனிகோ லாரியை நிறுத்தி ஆரன் அடித்தான், குட்டி மிரண்டு ஓடி வைக்கோலுக்குள் பதுங்கிவிட்டது. அப்போது சீமாட்டி வாயைத் திறக்காமல் தொண்டைக்குள்ளேயே ம்ம் என்று ஒரு சத்தம் கொடுத்தாள். நீ கேட்டிருப்பாய், ஆடு மனுசரைக் கூப்பிடுகிற சத்தம் இல்லை அது, குட்டியை மட்டும் கூப்பிடுகிற சத்தம். அன்றைக்கு உப்புத் தடவியிருக்கவில்லை. குட்டி போய் வயிற்றுக்கடியில் நின்றது, அவள் குனிந்து அதன் முதுகை நக்கினாள். இனிகோ வாசலிலேயே நின்று, சேசுவே என்று சொன்னான். இப்போது அந்தக் குட்டியை யாராவது கையில் எடுத்தால் அவள் கொட்டடியைப் பெயர்த்துவிடுவாள். இனிகோ தாயையும் குட்டியையும் சேர்த்து விலைக்குக் கேட்டான். எம்மகளுடைய ஆடு, அவளிடம் கேள் என்று சொல்லிவிட்டேன்.

இதை உனக்கு எழுதப் போகிறேன் என்று சொன்னதும், ஆட்டையும் எம்பிள்ளையையும் ஒண்ணா வச்சா பேசுதிய, நல்லாத்தான் இருக்கு ஒங்க நியாயம் என்று உன் அம்மா என்னை ஏசினாள். நான் அப்படி நினைக்கவில்லை தாயீ, நீ கோபித்துக்கொள்ளாதே. உன்னிடம் சொல்ல எனக்கு வேறு எது தெரியும், எனக்குத் தெரிந்தது ஆடுதான். அங்கே ஆஸ்பத்திரியில் பிள்ளை பிறந்த உடனே உன் கண்ணில் கூட சரியாகக் காட்டாமல் கொண்டுபோய்க் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். அவன் உசிருக்காகத்தான் வைத்தார்கள், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அவர்கள் நல்லா இருக்கட்டும். ஆனால் நீ கண்ணாடிக்கு வெளியே நின்றாய். தொட முடியவில்லை, முகர முடியவில்லை, அத்தனை நாள் கழித்துக் குளிப்பாட்டித் துணி சுற்றி இந்தா உன் பிள்ளை என்று கொடுத்தால் உனக்கு எங்ஙன தோணும். அம்மா கொட்டடியில் கேட்ட கேள்விதான் எனக்கு உன்னைப் பற்றியும் வருகிறது. உன் மேல் என்ன தப்பு. ஒன்றும் தோணாமலேயே நீ பால் கொடுத்தாய், குளிப்பாட்டினாய், இது சாதாரணப்பட்ட காரியமா.

ஊர் நர்ஸ் ஸ்டெபியிடமும் யாருக்கு என்று சொல்லாமல் கேட்டேன், அவள் கெட்டிக்காரி, யாருக்கு என்று கேட்கவில்லை. பெரியப்பா, பிள்ள பெத்தவியளுக்கு இது வாரதுதான், நெறைய பேரு வெளிய சொல்ல மாட்டாவ, டாக்டர்ட்ட சொன்னா வழி இருக்கு, மறைக்கத்தான் கூடாது, முதல்ல அவிய நல்லா உறங்கணும் என்றாள். அதனால் நீ மாப்பிள்ளையிடம் சொல். பயப்படாதே, லிப்டில் ஆட்டை ஏற்றுகிறேன் என்ற மனுசன்தான், புரிந்துகொள்வார். ரெண்டு பேரும் போய் டாக்டரைப் பாருங்கள்.

உன் அம்மாவுக்கு மூன்று தண்ணியும் ஊற்றியாயிற்று, பொருக்கெல்லாம் உதிர்ந்தாயிற்று, தாராளமாகப் போகலாம் என்று ஸ்டெபியும் சொல்லிவிட்டாள். வருகிற வியாழக்கிழமை திருநெல்வேலியில் ரயில் ஏற்றிவிடுகிறேன், நேரே காந்திதாம். தபாலில் போட்டால் எப்போது வந்து சேருமோ, இந்தக் கடிதத்தை அவள் கையிலேயே கொடுத்துவிடுகிறேன், அதனால் நீ இதை வாசிக்கும்போது அவள் உன் அடுப்படியில் ஏதாவது உருட்டிக்கொண்டிருப்பாள். பிள்ளையை அவளிடம் கொடுத்துவிட்டு நீ முதலில் உறங்கு. அவள் ஒன்றும் கேட்க மாட்டாள், நீயாகச் சொன்னால் கேட்பாள். உன்னை யாரும் வேடிக்கை பார்க்கவும் மாட்டார்கள், ஏசவும் மாட்டார்கள். ஒருநாள் தோணும் மறுநாள் தோணாது, அதற்காக அழாதே, எத்தனை நாள் ஆனாலும் ஆகட்டும், அவள் திரும்பி வருகிற டிக்கெட் போடவில்லை. இங்கே கஞ்சி காய்ச்ச எனக்குத் தெரியும். ஊரில் எல்லாரிடமும் பேரனைப் பார்க்கப் போகிறாள் என்று சொல்லியிருக்கிறோம். உன்னிடம் மட்டும் சொல்கிறேன், அவள் உன்னைப் பார்க்கத்தான் வருகிறாள்.

முருகன் உனக்குத் தெம்பைக் கொடுக்கட்டும், பேரன் கால் ஊன்றி நடக்கட்டும், மாப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதத்தைச் சொல். ஒன்று மறந்துவிடாதே. அம்மா பையில் அவளுடைய பழைய நூல் சேலை ஒன்று இருக்கிறது, தொட்டில் கட்ட. இங்கே வெந்நீரில் அவித்துத் துவைத்து வெயிலில் காயப்போட்டுத்தான் கொடுத்துவிடுகிறேன். அதை உடனே கட்டிவிடாதே, ரெண்டு மூன்று நாள் நீ போர்த்திக்கொண்டு படு, உன் வாடை அதில் ஏறட்டும், பிறகு அவனுக்குத் தொட்டில் கட்டு. கட்டின பிறகு கொஞ்ச நாளைக்கு அதைத் துவைக்க வேண்டாம் தாயீ.

இப்படிக்கு
உன் ஆட்டை மேய்க்கிற
அப்பா காசிலிங்கம்