ஆலயத்தில் பதில் சொல்ல வேண்டியவன்

அன்புள்ள இவாஞ்சலினுக்கு,

இத்தனை மாதம் பேசாமல் இருந்தது போதும் என்று எழுத உட்கார்ந்துவிட்டேன். டப்ளினில் நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே ஆரணியில் உன் அம்மா நலம், நானும் ஆண்டவர் தயவில் கஞ்சி குடிக்கிற அளவுக்கு நலம். புற்றுநோய் என்று நாக்கில் பாதியை எடுத்து ஒரு வருடம் ஆகிறது. கதிர்வீச்சுக் கரண்ட் வைத்த பிறகு எச்சில் ஊறுவதில்லை, எங்கே போனாலும் கையில் தண்ணீர் பாட்டில். தாடை இறுகாமலிருக்க ஐஸ் குச்சிகளைப் பல்லிடுக்கில் அடுக்குகிறேன், ஏழில் தொடங்கி இப்போது பதினொன்று நுழைகிறது. இதையெல்லாம் நீ கேட்டதே இல்லை. அங்கே முன்பின் தெரியாத நோயாளிகளிடம் மணிக்கணக்கில் பேசுகிற நர்ஸ் நீ, இங்கே கூப்பிட்டால் அம்மாவிடம் பேசிவிட்டு, அப்பா சிரமப்பட வேண்டாம் என்று வைத்துவிடுகிறாய். பள்ளிக்கூடத்திலும் இதே கரிசனம்தான், என் பத்தாம் வகுப்பை ரஞ்சித்குமாரிடம் கொடுத்துவிட்டு என்னைப் புத்தகக் கட்டுப் பிரிக்க வைத்திருக்கிறார்கள். போன மாதம் சேவூர் பஸ்ஸில் டிக்கெட் கேட்டேன், காலையிலேயே ஊத்திகினு வந்துட்டியா பெரியவரே என்றான் கண்டக்டர், பஸ்ஸே சிரித்தது. புகையிலை போட்டது நான்தான், அதற்கு யாரையும் குறை சொல்லவில்லை.

சேவூருக்குப் போனது உன் கல்யாணப் புடவைக்காக. சுப்பராயலு வீட்டில் நாலு விசைத்தறி ஓடுகிறது, அந்தச் சத்தத்தில் யார் பேச்சும் யாருக்கும் கேட்காது, உதட்டைப் பார்த்தே பேசிக்கொள்கிறவர்கள். வெள்ளையில் சின்னக் கரை என்றேன். ஜரிகையை மெல்லிசா போட்டுடலாமா சார் என்று உடனே கேட்டார், இன்னொரு தபா சொல்லுங்க என்று கேட்கவில்லை. அதற்குப் பிறகு சாயங்காலங்களில் வேலையில்லாமலே அங்கே போய் உட்கார்ந்திருக்கிறேன். இந்தப் பெண்ணைக் கொடுப்பவர் யார் என்று போதகர் கேட்டால் நான் என்று சொல்ல வேண்டுமே, அதைப் பழகியதும் அங்கேதான். நான் என்பதற்கு நாக்கு பல்லைத் தொட வேண்டும், என் நாக்கு தொடாது. வேலூரில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற அன்புச்செல்வி, அவசரப்படாமல் மூச்சைச் சேர்த்துச் சொல்லப் பழக்கினாள். போன வாரம் சுப்பராயலுவின் மனைவி அபிதகுசாம்பாள் தறியை நிறுத்திவிட்டு நான் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்டார். நல்லா வந்துகினு இருக்குது சார், தைரியமா சொல்லுங்க என்றார். வீட்டுக்கு வந்தால் உன் அம்மா, நம்ம பாப்பா உங்க தம்பி ராபர்ட்டையே சொல்லச் சொல்லிட்டா, யூடியூப்ல எல்லாரும் பார்ப்பாங்களாம், உங்களுக்கு எதுக்கு இந்த பேஜாரு என்கிறாள்.

ராபர்ட் என் தம்பிதான். நான் ஆஸ்பத்திரியில் கிடந்த இருபது நாளில் ஒரே நாள் வந்து, வார்டு வாசலிலேயே நின்று ஜெபித்துவிட்டுப் போனவன். அவன் குரல் நன்றாகத்தான் இருக்கும். என் வாய் குழறும், போதகர் இரண்டாவது முறை கேட்கவும் கேட்கலாம், பின்வரிசையில் யாராவது சிரிப்பார்கள். அதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் பழகினேன்.

நைட் டியூட்டிக்குச் சாப்பிடாமல் போகாதே, குளிரில் காதை மூடிக்கொள். கர்த்தர் உன்னையும் நீ கட்டப்போகிறவரையும் ஆசீர்வதிப்பாராக. உன் முடிவை அம்மாவிடம் சொல்லி அனுப்பாதே, எனக்குப் போன் செய், நான் பேசி முடிக்கும்வரை வைக்காமல் கேள்.

இப்படிக்கு என்று எழுதிவிட்டேன். அதன் கீழே அப்பா என்று போட இப்போது கை வரவில்லை. ஆலயத்தில் அப்பா இடத்தில் நிற்கப்போவது யார் என்று நீ சொன்ன பிறகு அடுத்த கடிதத்தில் போட்டுக்கொள்கிறேன், இதைக் கையெழுத்தில்லாமலே தபாலில் சேர்க்கிறேன்.