ஈரம் போதும்

மாசி 14, வியாழன்

வல்லத்திராக்கோட்டையில் கருப்பையாவின் கடலைக் கொல்லை முழுவதும் காய்ந்துவிட்டது. மண்ணின் ஈரத்தை அளக்க நான் புதைத்த சென்சார்கள் பேட்டரி தீர்ந்து பதினெட்டு நாளாகச் செத்துக் கிடந்திருக்கின்றன. ஆனால் "ஈரம் போதும், தண்ணீர் பாய்ச்ச வேண்டாம்" என்று தினமும் காலையில் அவர் போனுக்குச் செய்தி போயிருக்கிறது. சென்சார் பேசாவிட்டால் கடைசி அளவையே திரும்ப அனுப்பும்படி புரோகிராம் எழுதியவன் நான்தான். என் ஆய்வுக் கட்டுரையில் போடும் வரைபடத்தில் கோடு அறுந்து தெரியக் கூடாதே என்று எழுதினேன்.

"காலு வச்சப்பவே மண்ணு சுட்டுச்சுங்க சார். ஆனா போதும்னுதான மெசேஜு வந்துச்சு. படிச்சவங்க வச்சது, நம்ம என்னத்தக் கண்டோம்னு மோட்டாரப் போடல" என்றார்.

ஒரு செடியைப் பிடுங்கி உற்றுப் பார்த்தேன். "வேரழுகல்" என்றேன். அழுகுவதற்குக்கூட ஈரம் வேண்டும். நாற்பது வருஷம் கடலை போட்ட மனுஷன், அதையும் நம்பினார்.

நான் பைக்கை எடுக்கும்போது பின்னாலேயே வந்தார். "எங் கொல்லையால ஒங்க ஆராய்ச்சி கெட்டுப்போச்சுங்களா சார்?"

பரவாயில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.