யூரியா போடாத பாதி

ஐப்பசி, செவ்வாய் இரவு.

இன்று ஜெயித்தது நான்தான். மாட்டுக்கிடை போட்ட மேய்ச்சல் நிலத்துக்கு யூரியா எதற்கு என்று மழைக்கு முன்பே வீட்டுக்காரரிடம் சண்டை போட்டேன். மாடுகளை இரவெல்லாம் அடைத்து, சாணமும் மூத்திரமும் ஊறிய மண் அது. "யூரியா போடாம புல்லு எப்படிப் புள்ள வரும்?" என்று சிரித்தார். கடைசியில் அவர் ஒரு பாதிக்குப் போட்டார். என் பாதியில் ஒரு பிடிகூட விழ விடவில்லை.

காலையில் செம்மேட்டில் பஸ் இறங்கி வந்த வேளாண் கல்லூரிப் பெண், இரண்டு பக்கமும் மண்மேல் பெட்டி கவிழ்த்து, கிளம்பும் வாயுவை அளந்தாள். புல் இரண்டு பக்கமும் ஒரே உயரம்தான். வாயு மட்டும் அவர் பக்கம் எகிறிவிட்டது.

"ஏனுங்கண்ணா, நீங்க போட்டது புல்லுக்குப் போவலீங்க. பூமியச் சூடாக்குற வாயுவாப் போவுதுங்க" என்றாள் அவரிடம்.

"பெட்டிக்கு என்ன தெரியும்? மாடு சொல்லட்டும்" என்று தன் செல்லச் செவலையை நடுவில் அவிழ்த்துவிட்டார். அது அவர் பக்கத்தை முகர்ந்து பார்த்தது. பிறகு திரும்பி என் பக்கம் வந்து மேய்ந்தது.

அவர் முகத்தைப் பார்த்து அங்கே நான் சிரிக்கவில்லை. இப்போது குறட்டை விடுகிறார். வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருக்கிறேன்.