ஆதாரப் பட்டியலில் அம்மா

ஆகஸ்ட், இரண்டாவது சனி

கல்லூரியில் படிக்கும் அக்காவின் ஒப்படைக் கட்டுரையில், மழை நாளில் தேயிலைக் கொழுந்து எடுப்பதைப் பற்றி அம்மா சொன்ன பகுதிதான் எனக்குப் பிடித்தது. அதன் பக்கத்தில் விரிவுரையாளர் "ஆதாரம் எங்கே?" என்று எழுதியிருந்தார். அக்கா அதை வெட்டிவிடப் பார்த்தாள். இன்று பதுளை நூலகத்தில் ஆய்வுக் கட்டுரை எழுதும் வழிகாட்டி நூலைப் புரட்டி நான்தான் கண்டுபிடித்தேன்: நேரில் கேட்டதையும் சொன்னவரின் பெயர், இடம், திகதியோடு ஆதாரமாகக் காட்டலாம்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னோம்.

"என் பேரு எதுக்குடி? எங்கள வேலை வாங்குற கங்காணி பேரப் போடுங்க. அப்பதான் மதிப்பாங்க."

"கங்காணியா மழையில கொழுந்து எடுத்தாரு?" என்றேன்.

அம்மா சிரித்துவிட்டாள். பிறகு, "சரி, முழுப் பேரையும் எழுது" என்றாள்.

ஆதாரப் பட்டியலின் அகர வரிசையில் எங்கள் அம்மா அழகம்மா முதலில் நிற்கிறாள். அக்கா மேற்கோள் காட்டிய பேராசிரியர்கள் இருவரும் அம்மாவுக்குக் கீழே.