பஞ்சுக்குச்சிக்கு முன்னால் நெய்ச்சோறு

தாராவி,
நவம்பர் 9

அன்பு மகள் ஜுவைரியாவுக்கு வாப்பா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையில் இங்கே எல்லோரும் சுகம், என் முழங்கால் ஒன்றைத் தவிர, அது தனிக்குடித்தனம் போய்விட்டது. மெல்போர்னில் நீயும் மாப்பிள்ளையும் முழங்கால் உட்பட சுகமாக இருக்க துஆ செய்கிறேன். இஜாஸ் ஆஸ்பத்திரியில் இரண்டு கையிலும் ஊசியோடு படுத்திருக்கும் போட்டோவை அவன் சினேகிதன் எவனோ போட்டுவிட, அதை நீ பார்த்து, தம்பிக்கு இவ்வளவு நடந்திருக்கிறது எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று மூன்று நாளாக என் போனை எடுக்கவில்லை. நியாயமான கோபம்தான். போனில் சொன்னால் உன் உம்மா பாதியில் பிடுங்கி என்னை வில்லனாக்கிவிடுவாள், அதனால் கடிதம். நீ தமிழை எழுத்துக்கூட்டிப் படிக்கிறவள், படித்து முடிப்பதற்குள் பாதிக் கோபம் ஆறிவிடும் என்ற எண்ணமும் உண்டு. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், தம்பி நன்றாக இருக்கிறான். நேற்று சயான் ஸ்டேஷனில் ஓடுகிற வண்டியில் தொற்றி ஏறினான் என்று கேள்விப்பட்டுத் திட்டினேன், அந்த அளவுக்கு நன்றாக இருக்கிறான்.

இனி ஆதியிலிருந்து சொல்கிறேன். எதிர்வீட்டு மெஹராஜ் மாமி, நம் பட்டறைப் பைகளுக்கு ஸிப் தைத்துத் தருகிறவள், அவள் மகள் அஃப்ஷாவுக்கு ரத்தப் புற்றுநோய் என்பது உனக்குத் தெரியும். நீ கையைப் பிடித்து ஸ்கூலுக்குக் கூட்டிப்போன பிள்ளை, இப்போது பத்தொன்பது வயது. மருந்து மட்டும் போதாது, இன்னொரு ஆளின் எலும்பு மஜ்ஜை அணுக்கள் வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளை தங்காது என்று டாக்டர் சொன்னது போன டிசம்பரில். அதற்கு ரத்த குரூப் ஒத்துப்போனால் போதாதாம், உள்ளே வேறு பத்துப் பொருத்தம் பார்க்கிறார்கள். அவள் தம்பிக்குப் பொருந்தவில்லை. நம் ஊர்ப்பக்கத்து வம்சத்தில் கிடைக்க வாய்ப்புக் கூடுதல், ஆனால் கொடுக்க முன்வந்து பெயர் பதிந்தவர்களில் உங்கள் ஆட்கள் மிகக் குறைவு என்றார்கள். பதிவதற்குக் கன்னத்தின் உள்பக்கம் பஞ்சுக்குச்சியால் தேய்த்துக் கொடுத்தால் முடிந்தது. அவ்வளவுதானே, ஐந்நூறு கன்னம் நான் சேர்த்துத் தருகிறேன் என்று எட்டாம் வகுப்பு படித்த உன் வாப்பா மார்தட்டினேன். முதலில் என் கன்னத்தையே நீட்டினேன். பதிவு செய்ய வந்த வந்தனா என்ற பெண், ஐம்பது வயது வரைதான் அங்கிள் என்றாள். என் அணுக்கள் எக்ஸ்பயரி தேதி தாண்டி எட்டு வருஷம் ஆகிவிட்டதாம்.

பள்ளிவாசலில் ஜும்ஆ முடிந்து மைக் பிடித்தேன், குர்லா, மான்குர்த் என்று நம் ஆட்கள் இருக்கிற சந்தெல்லாம் ஏறி இறங்கினேன், முழங்கால் தனிக்குடித்தனம் போனது அப்போதுதான். நம் பட்டறைக்கு வரிக் காகிதம் எழுதித் தரும் மாட்டுங்கா அனந்தநாராயணன் சாரும் கூட வந்தார். எங்க பசங்களோடது அஃப்ஷாவுக்குப் பொருந்தாமப் போகலாம், வேற யாருக்காவது பொருந்துமோல்லியோ என்று சொல்லி அவர் பக்கத்திலிருந்து நாற்பது பேரைச் சேர்த்தார். இதுவரை எல்லாம் சரி. இனிதான் என் புத்திசாலித்தனம் வருகிறது. நம் ஆட்களைச் சோறு போடாமல் எதற்காவது கூப்பிட்டிருக்கிறோமா? வெறும் கன்னத்தைக் காட்ட ஞாயிற்றுக்கிழமை எவன் வருவான்? அதனால் கல்யாண நோட்டீஸ் மாதிரியே அடித்தேன், பதினொன்றரைக்கு நெய்ச்சோறு, ஆட்டுக்கறித் தாளிச்சா, பன்னிரண்டரைக்குக் கன்னம். ஹால் கொள்ளாத கூட்டம். வந்தனா பெட்டிகளோடு வந்தபோது முந்நூறு பேர் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண் முகம் போன போக்கை நான் மறக்கமாட்டேன். ஒரு மணி நேரத்துக்கு முன்பிருந்தே வாயில் எதுவும் போடக்கூடாது என்று அவள் எனக்குப் போனில் இரண்டு தடவை சொன்னவள்தான். வெறும் வயிறு ரத்தப் பரிசோதனைக்குத்தான், கன்னத்துக்கும் வயிற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று நானே தீர்ப்பு எழுதியிருந்தேன். அனந்தநாராயணன் சார் என் காதில், முகைதீன், இப்ப எடுத்தா அஃப்ஷாவுக்கு ஆட்டோடதான் பொருத்தம் வரும் என்றார்.

வாயைக் கொப்பளித்துவிட்டு ஒரு மணி நேரம் உட்கார வேண்டும், டீ கூடாது, பாக்கு கூடாது என்றாள் வந்தனா. தாராவிக்காரன் சாப்பாட்டுக்குப் பிறகு டீயும் பாக்கும் இல்லாமல் ஒரு மணி நேரம் உட்காருவானா? கூட்டம் மெல்ல நழுவப் பார்த்தது. உன் உம்மா என்ன செய்தாள் தெரியுமா, வாசலில் கிடந்த செருப்பையெல்லாம் பட்டறைக் கோணிகளில் அள்ளிக் கட்டி அதன் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டாள். கன்னம் காட்டுகிறவனுக்குத்தான் செருப்பாம். வந்தனா ஓடிவந்து, ஆன்ட்டி, கட்டாயப்படுத்தி வாங்கக்கூடாது, அவரவர் மனசோடு தரணும் என்று கெஞ்சி அவளை இறக்கினாள். ஆனால் முந்நூறு பேர் செருப்பில் அவனவன் ஜோடியைத் தேடுவதிலேயே அரை மணி போய்விட்டது. அதற்குள் இட்லிக்காரர் பேச்சிராஜா எழுந்து எல்லோர் மனதிலும் இருந்ததைக் கேட்டுவிட்டார். நாளைக்குப் பொருந்திட்டுன்னா முதுகெலும்புல துளை போட்டு உறிஞ்சுவாங்களாமே, பொறவு இட்லிப் பானையைத் தூக்க முடியுமா, பிள்ளைகுட்டி பொறக்குமா என்றார். வந்தனா இந்தியில் சொல்லச் சொல்ல சார் தமிழில் சொன்னார். அநேகமாக இப்போது கையிலிருந்துதான் எடுக்கிறார்கள், ஒரு கையில் எடுத்து மெஷினில் வடிகட்டி மறு கையில் விடுவார்கள், கொடுத்தது சில வாரத்தில் உடம்பில் ஊறிவிடும். அந்த ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திராவிட்டால் இதையெல்லாம் எவன் கேட்டிருப்பான். நானும் என் பங்குக்கு ஒவ்வொரு உம்மா பக்கத்திலும் போய், உங்க பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாது, நான் பொறுப்பு என்று அடித்துவிட்டேன். இருநூற்று முப்பத்தொரு பேர் கொடுத்தார்கள். முதல் ஆள் பேச்சிராஜா, கடைசி ஆள் நம் இஜாஸ்.

அந்த இருநூற்று முப்பத்தொன்றில் ஒன்றுகூட அஃப்ஷாவுக்குப் பொருந்தவில்லை மகளே. ஒரு வாரம் பட்டறைக்குப் போகாமல் கிடந்தேன். பிறகு மார்ச்சில், நம் கூட்டத்திலேயே இல்லாத, எங்கோ இருக்கிற ஒரு ஆளுடையது பொருந்தியது. பெயரும் ஊரும் ஒரு வருஷத்துக்குச் சொல்ல மாட்டார்களாம். மே மாதம் ஏற்றினார்கள், ஜூலையில் பிள்ளை வீட்டுக்கு வந்துவிட்டாள், அல்ஹம்துலில்லாஹ். முகமூடி போட்டுக்கொண்டு ஜன்னலில் நிற்பாள், முடி குருவிக்குஞ்சு மாதிரி முளைத்திருக்கிறது, நான் நொண்டுவதைப் பார்த்துச் சிரிக்கிறாள்.

செப்டம்பரில் இஜாஸுக்குப் போன் வந்தது. யாரோ ஒரு நோயாளிக்கு உன்னுடையது பொருந்துகிறது, தருவாயா என்று. அவன் உடனே சரி என்றான். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பொறுப்பேற்ற உன் வாப்பா சாக்குத் தேட ஆரம்பித்தேன். அவனுக்குச் சளி இருக்கிறது என்றேன், மழை முடியட்டும் என்றேன், பெண் பார்க்கிற நேரம் என்றேன், அவனுக்குப் பெண் பார்ப்பதே அவனுக்கு அன்றுதான் தெரியும். உனக்குச் சொல்லாததற்குக் காரணம் இதுதான் ஜுவைரியா. சொன்னால் நீ கொடுக்கச் சொல்லுவாய் என்று தெரியும். பிறகு வெட்கத்தில் சொல்லவில்லை. நான்காம் நாள் மெஹராஜ், ஸிப் தைத்த பைகளைக் கொடுக்க வந்தவள், உன் உம்மா சொல்ல எல்லாம் கேட்டாள். என் பிள்ளைக்குக் கொடுத்தவனோட வாப்பாவும் இப்படித்தான் சோறு இறங்காம உக்காந்திருப்பாரு காக்கா, ஆனா பொறவு போய்ட்டு வாடான்னு சொல்லியிருக்காரு பாத்தீங்களா என்றாள். பை மூட்டையை என் முன்னால் வைத்துவிட்டுப் போய்விட்டாள். அவள் தந்த பைகளை மூன்று தடவை எண்ணினேன், மூன்று தடவையும் வேறு வேறு எண்ணிக்கை வந்தது. எழுந்து போய் அவனிடம் சொல்லிவிட்டேன்.

ஐந்து நாள் ஊசி போட்டார்கள், உடம்பு வலி என்று முனகினான், உன் உம்மா ஆட்டுக்கால் சூப்பாக ஊற்றினாள். ஆறாம் நாள் நாலரை மணி நேரம் படுத்துக்கொண்டு கிரிக்கெட் பார்த்தான், பயந்தது நான்தான், நர்ஸ் எனக்குத்தான் தண்ணீர் கொடுத்தாள். கடைசியில் சிவப்பாக ஒரு சின்னப் பை. முப்பது வருஷமாகப் பை தைக்கிறேன், இவ்வளவு சின்னப் பையில் இவ்வளவு பெரிய சாமானைப் பார்த்ததில்லை. ஒரு ஆள் அதைக் குளிர்பெட்டியில் வைத்துத் தூக்கிக்கொண்டு விமானத்துக்கு ஓடினார். எந்த ஊருக்கு, யாருக்கு என்று தெரியாது. அங்கேயும் ஒரு ஜன்னல் இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

உன் கோபம் ஆறியதா? ஆறாவிட்டால் திரும்ப முதலிலிருந்து எழுத்துக்கூட்டு. மாப்பிள்ளைக்கு என் சலாம் சொல், வெயிலில் தலையை மூடிக்கொண்டு போ. அல்லாஹ் உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளும் பரக்கத்தும் தருவானாக. ஒரு வேலை சொல்கிறேன், மறக்காதே. உங்கள் ஊரிலும் இந்தப் பட்டியல் இருக்கிறதாம், வயது வரம்பு இங்கத்தை விடக் குறைவாக இருக்கலாம் என்கிறாள் வந்தனா, தள்ளிப்போடாமல் இரண்டு பேரும் விசாரித்துக் கன்னத்தைக் காட்டிவிட்டு வாருங்கள். போவதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து வாயில் ஒன்றும் போடாதே. உன்னைச் சாப்பிடாதே என்று நான் சொல்வது உன் ஆயுளில் இதுதான் முதல் தடவை.

உன் போனை எதிர்பார்த்திருக்கும்,
வாப்பா
செ. முகைதீன்